காப்பகத்து நாய், வீட்டு நாயாகும் வரை

தத்தெடுத்த நாயைக் காப்பகத்துக்கே திரும்பக் கொண்டுவருகிறவர்கள் சொல்லும் காரணங்கள் நான்கைந்துக்குள் அடங்கிவிடும். "அங்க பார்த்தப்போ சாதுவா இருந்துச்சு, இங்க வந்து எல்லாரையும் குரைக்குது." "வீடு முழுக்க ஒண்ணுக்குப் போகுது." "தனியா விட்டா ஊளை விடுது, பக்கத்து வீட்டுல சண்டைக்கு வர்றாங்க." "குழந்தையைப் பார்த்து உறுமிடுச்சு." "கேட்டைத் திறந்ததும் ஓடிருச்சு." இதில் ஒன்றைக்கூட நாயின் குணக்கேடு என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். முதல் மூன்று மாதத்தில் நாம் காட்டும் அவசரம்தான் இத்தனைக்கும் காரணம். அந்த அவசரம் எங்கெங்கே நுழைகிறது, அங்கே என்ன செய்ய வேண்டும் என்பதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு. சென்னையையும் நாட்டு நாயையும் மனதில் வைத்து எழுதுகிறேன். நம் காப்பகங்களில் பெரும்பான்மை நாட்டு நாய்கள்தான். நடுநடுவே யாரோ கைவிட்ட லாப்ரடாரும் ராஜபாளையமும் இருக்கும்.

முதல் அவசரம் தேர்ந்தெடுக்கும்போதே வந்துவிடுகிறது. 1959-இல் தொடங்கிய ப்ளூ கிராஸ் போன்ற பெரிய இடமாக இருந்தாலும் சரி, காலி மனையில் ஷெட் போட்டு ஒருவர் இருபது நாய்களைக் காப்பாற்றும் இடமாக இருந்தாலும் சரி, அங்கே நீங்கள் பார்ப்பது நாயின் முழுக் குணம் கிடையாது. நாள் முழுக்கக் குரைப்புச் சத்தம், பக்கத்துக் கூண்டில் சண்டை, மருந்து வாடை. இவற்றுக்கு நடுவே ஒரு நாய் தன்னை எப்படித் தாங்கிக்கொள்கிறதோ அதைத்தான் பார்க்கிறீர்கள். கம்பியில் ஏறிக் குரைக்கிற நாய் வீட்டுக்கு வந்து இரண்டே வாரத்தில் கட்டிலுக்கடியில் நிம்மதியாகத் தூங்கும். மூலையில் சுருண்டு, தொட்டாலும் அசையாமல், கண்ணின் வெள்ளை தெரிய ஓரப்பார்வை பார்க்கும் நாயை "எவ்வளவு அமைதி" என்று எடுத்து வருவார்கள். அது பயத்தில் உறைந்துபோன நாய். பயம் தெளிய மூன்று வாரம் ஆகும். தெளிந்தபின் குரைக்கும், ஓடும், பொருளைத் தூக்கும். அப்போதுதான் அது நாயாகிறது. அந்த நேரம் பார்த்துத்தான் திருப்பிக் கொண்டுபோய் விடுகிறார்கள்.

உறைந்த நாயை எடுக்கக் கூடாது என்று சொல்லவில்லை. தெரிந்து எடுங்கள். தெரிந்துகொள்ள எளிய வழி இருக்கிறது. உப்பில்லாமல் வேகவைத்த கோழிக்கறியைச் சுண்டுவிரல் நுனியளவு துண்டுகளாக எடுத்துப் போங்கள். நாய்க்கு நேரே நிற்காமல் பக்கவாட்டில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, கண்ணைப் பார்க்காமல், ஒரு துண்டை அதன் முன்னால் போடுங்கள். உடனே எடுத்துத் தின்றால் பயம் சமாளிக்கிற அளவில்தான் இருக்கிறது. நீங்கள் நகர்ந்தபின் தின்றால் பொறுமை வேண்டும். அரைமணி நேரம் கழித்தும் கறி அப்படியே கிடந்தால் அந்த நாய்க்கு மாதக்கணக்கில் நேரம் கொடுக்க முடிந்த, ஆள் நடமாட்டம் குறைந்த வீடு வேண்டும். ஒரே தடவை பார்த்து முடிவெடுக்காதீர்கள். சோறு வைக்கும் நேரத்தில் ஒரு நாள், மதிய அமைதியில் ஒரு நாள், வளாகத்துக்கு வெளியே கயிற்றில் நடத்திப் பார்க்க ஒரு நாள் என்று குறைந்தது மூன்று முறை போங்கள்.

அலுவலகத்தில் கேட்பதைவிட, தினமும் கூண்டைக் கழுவிச் சோறு வைக்கிற அண்ணனிடமோ அக்காவிடமோ கேளுங்கள். யாருடன் சேர்ந்து தின்னும், தட்டுக்குப் பக்கத்தில் கை போனால் உறுமுமா, துடைப்பத்தைத் தூக்கினால் ஒடுங்குமா பாயுமா, காக்கிச் சட்டைக்காரரை, ஹெல்மெட் போட்டவரை எப்படிப் பார்க்கும், பைக் போனால் துரத்துமா, இதற்கு முன்னால் யாராவது எடுத்துப்போய்த் திருப்பி விட்டார்களா. கடைசிக் கேள்வியைக் கேட்கத் தயங்க வேண்டாம். திரும்பி வந்த நாய் மோசமான நாய் ஆகிவிடாது. ஏன் வந்தது என்று தெரிந்தால் அதே தவறு உங்கள் வீட்டில் நடக்காது.

குட்டியா, வளர்ந்த நாயா என்று கேட்டால், வேலைக்குப் போகிற வீட்டுக்கு இரண்டு வயது தாண்டிய நாய் என்பதுதான் என் பதில். குட்டி என்றால் இரண்டு மணிக்கு ஒருமுறை வெளியே தூக்கிப் போக வேண்டும், செருப்பிலிருந்து சார்ஜர் வயர் வரை கடிக்கும், தடுப்பூசி முடியும்வரை பார்வோ, டிஸ்டெம்பர் என்ற இரண்டு உயிர்கொல்லி வைரஸ் நோய்களும் தலைமேல் தொங்கும். வளர்ந்த நாயின் உயரமும் குணமும் ஓரளவு கண்முன்னால் இருக்கும். குட்டிதான் வேண்டுமென்றால் எட்டு வாரத்துக்கு முன் தாயிடமிருந்து பிரிக்காதீர்கள். வயதைப் பல்லில் பார்க்கலாம். எட்டு வாரத்தில் 28 பால்பற்களும் ஊசிபோல் வந்திருக்கும். நான்காவது மாத வாக்கில் முன்பற்கள் விழுந்து முளைக்கும், ஐந்து ஆறு மாதத்தில் கோரைப்பல், ஏழு மாதத்தில் 42 பல்லும் நிறைந்துவிடும். "ரெண்டு மாசக் குட்டி" என்று கொடுத்ததில் முன்பல் பெரிதாக இருந்தால் அது நான்கு மாதத்தைத் தாண்டியது.

காது நுனியில் வெட்டு இருந்தால் கருத்தடை ஆகிவிட்டது என்று அர்த்தம். கருத்தடையின்போதே வெறிநோய்த் தடுப்பூசி ஒன்றும் போட்டிருப்பார்கள். ஆனால் அது எப்போது நடந்தது என்பதைக் காது சொல்லாது. தேதியிட்ட சான்று கையில் இல்லையென்றால் ஊசி போடாத நாயாகவே கணக்கில் வையுங்கள். கருத்தடை ஆகாத தெருநாயாக இருந்து வந்ததென்றால் பிறப்புறுப்பில் காலிஃபிளவர் மாதிரி சதை வளர்ச்சியோ ரத்தக் கசிவோ இருக்கிறதா என்று மருத்துவரிடம் பார்க்கச் சொல்லுங்கள். இனச்சேர்க்கையில் ஒட்டும் கட்டி அது, நம் தெருநாய்களிடம் சாதாரணம். வின்கிறிஸ்டின் ஊசி வாரம் ஒன்று வீதம் நான்கிலிருந்து ஆறு போட்டால் பெரும்பாலும் முழுக்கக் குணமாகும். இதைக் காரணம் காட்டி ஒரு நல்ல நாயை வேண்டாமென்று சொல்லிவிடாதீர்கள்.

ரத்தப் பரிசோதனை இல்லாமல் கூட்டிவர வேண்டாம். அல்லது வந்த மூன்றாம் நாளுக்குள் எடுத்துவிடுங்கள். 1903-இல் தொடங்கிய வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனையும் இருக்கிறது, தனியார் கிளினிக்குகளும் இருக்கின்றன. முழு ரத்த எண்ணிக்கையில் கவனிக்க வேண்டியது, ரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள். குறைந்திருந்தால் முதல் சந்தேகம் உண்ணிக் காய்ச்சல். இதை எர்லிச்சியா, பபீசியா என்ற இரண்டு கிருமிகள் கொண்டுவருகின்றன, சில நாய்களில் இரண்டும் சேர்ந்தே இருக்கும். இரண்டுக்கும் மருந்து வேறு என்பதால் எது என்று தெரிந்துகொள்வது முக்கியம். எர்லிச்சியாவுக்கு டாக்சிசைக்ளின் மாத்திரை வழக்கமாக 28 நாள். ஐந்தாம் நாளே நாய் நன்றாகச் சாப்பிட ஆரம்பிக்கும், "சரியாயிடுச்சு" என்று நிறுத்துவார்கள், இரண்டு மாதம் கழித்து மூக்கில் ரத்தம் வரும். 28 என்றால் 28. சோற்றோடு கொடுத்து, பின்னால் தண்ணீரும் குடிக்க வையுங்கள். வெறும் வயிற்றில் கொடுத்தால் வாந்தி வரும், தொண்டைக் குழாயில் ஒட்டினால் புண்ணாகும்.

வீட்டிலேயே தினமும் பார்க்கக்கூடிய ஒரு சோதனை உண்டு. மேலுதட்டைத் தூக்கி ஈறைப் பாருங்கள். ஆரோக்கியமான ஈறு இளஞ்சிவப்பு, ஈரமாக இருக்கும். கட்டைவிரலால் ஒரு நொடி அழுத்தி எடுத்தால் அந்த இடம் வெளுத்து, இரண்டு நொடிக்குள் மறுபடி சிவக்கும். வெளுப்பு போகவே இல்லை, அல்லது ஈறே வெள்ளைத் தாள் மாதிரி இருக்கிறது என்றால் நாளைக்கு என்று தள்ளாதீர்கள். ஈறு கறுப்பாக உள்ள நாய்க்குக் கண்ணின் கீழிமையை இழுத்து உட்புறத்தைப் பாருங்கள். கூடவே ஒரு டிஜிட்டல் தெர்மாமீட்டர் நாய்க்கென்று தனியாக இருக்கட்டும். ஆசனவாயில் வைத்துப் பார்க்க வேண்டும். 101-இலிருந்து 102.5 டிகிரி ஃபாரன்ஹீட் சாதாரணம், 103-ஐத் தாண்டினால் காய்ச்சல். மனிதருக்குக் கொடுக்கும் பாராசிட்டமாலையும் ஐபுப்ரொஃபெனையும் நீங்களாகக் கொடுக்கவே கூடாது.

கூட்டிவரும் நாள்

தீபாவளிக்கு இரண்டு வாரம் முன்னால் நாயைக் கூட்டிவராதீர்கள். வீட்டில் கல்யாணமோ வெள்ளையடிப்போ இருந்தாலும் தள்ளிப்போடுங்கள். காலையில் கூட்டிவந்தால் வெளிச்சத்தில் ஒரு முழுப் பகல் கிடைக்கும். புறப்படுவதற்கு மூன்று நான்கு மணி நேரம் முன்பு சோறு நிறுத்தச் சொல்லுங்கள், தண்ணீர் கொடுக்கலாம். கார் நல்லது. ஆட்டோ என்றால் இரண்டு பேர் வேண்டும், திறந்த பக்கம் ஒருவர் உட்கார வேண்டும். பைக்கில் மடியில் வைத்து வருவதை நினைத்துப் பார்க்கவே வேண்டாம்.

தத்தெடுத்த நாய் தொலைந்துபோவது பெரும்பாலும் முதல் சில நாட்களில், அதுவும் வண்டியிலிருந்து இறங்கும்போதும் கேட் அருகிலும்தான். பயந்த நாய் பின்பக்கமாக இழுத்தால் கழுத்துப் பெல்ட் காதைத் தாண்டி உருவிக்கொண்டு வந்துவிடும். மார்பைச் சுற்றி மாட்டும் ஹார்னஸிலிருந்தும் முன்காலை உருவி வெளியேறத் தெரிந்த நாய்கள் உண்டு. அதனால் முதல் மாதம் இரண்டும் வேண்டும். இழுத்தால் அளவோடு இறுகும் மார்டிங்கேல் பெல்ட் ஒன்று, ஹார்னஸ் ஒன்று, இரண்டிலும் தனித்தனிக் கயிறு அல்லது ஒரே கயிறு இரண்டு கொக்கியோடு. பெல்ட்டுக்கும் கழுத்துக்கும் நடுவே இரண்டு விரல் நுழைய வேண்டும், மூன்று நுழைந்தால் லூஸ். கயிறு ஆறடி நைலான் போதும். இழுத்தால் நீளும் கயிறு இந்தக் கட்டத்துக்கு ஆகவே ஆகாது. இரும்புச் சங்கிலி கையைக் கிழிக்கும், சத்தத்தில் நாயும் மிரளும். பெல்ட்டில் உங்கள் தொலைபேசி எண் பொறித்த தகடு முதல் நாளே தொங்க வேண்டும். அப்படியும் ஓடிவிட்டால் பின்னால் துரத்தாதீர்கள். துரத்தினால் இன்னும் தூரம் போகும். உட்கார்ந்துகொண்டு, பழகிய சாப்பாட்டு வாடையைக் காட்டுங்கள். காப்பகத்தில் அதற்குச் சோறு வைத்தவரை உடனே வரவழையுங்கள்.

வீட்டு வாசலுக்கு வந்ததும் உள்ளே நுழைய வேண்டாம். முதலில் மண் இருக்கிற இடத்துக்குக் கூட்டிப் போய், அது சிறுநீர் கழிக்கும்வரை நில்லுங்கள். இருபது நிமிடமானாலும் சரி. பிறகு ஓர் அறை, ஒரு மூலை. பழைய பெட்ஷீட், அகலமான தண்ணீர்க் கிண்ணம், முதுகுப்பக்கம் சுவர். காப்பகத்தில் அது படுத்திருந்த சாக்கோ துணியோ கிடைத்தால் துவைக்காமல் கொண்டுவந்து விரியுங்கள், அந்த வாடை அதற்குத் தெரிந்தது. சொந்தக்காரர்கள், பக்கத்து வீட்டார், குழந்தையின் நண்பர்கள் யாரும் முதல் வாரம் வந்து பார்க்க வேண்டாம். மாலை போட்டு ஆரத்தி எடுக்கும் ஆசையும் வேண்டாம்.

முக்கியமாக, முதல் நாளே குளிப்பாட்டாதீர்கள். வாடை அடிக்கிறது என்பதுதான் காரணமாக இருக்கும், புரிகிறது. ஆனால் முன்பின் தெரியாத வீட்டில், வழுக்கும் பாத்ரூமில், ஊர்பேர் தெரியாத ஆள் பிடித்து நனைக்கும்போது அந்த நாய் உங்களைப் பற்றித் தெரிந்துகொள்ளும் முதல் விஷயம் அதுவாகிவிடும். ஈரத்துணியால் துடைத்துவிட்டு, பத்து நாள் பொறுங்கள்.

பலரும் யோசிக்காத ஒன்று தரை. மண்ணிலும் சொரசொரப்பான சிமென்டிலும் வாழ்ந்த நாய் பளபளக்கும் டைல்ஸில் கால் வைத்ததும் நகத்தை விரித்துப் பிடிமானம் தேடும். நகம் டைல்ஸில் பிடிக்காது, இன்னும் வழுக்கும், பின்னங்கால் இரண்டும் பக்கவாட்டில் விரியும். அதோடு நின்ற இடத்திலேயே நடுங்கிக்கொண்டு நிற்கும், இழுத்தால் படுத்துவிடும். "அடம் பிடிக்குது" என்று தூக்கிக்கொண்டு போவார்கள். படுக்கையிலிருந்து தண்ணீர்க் கிண்ணத்துக்கும், அங்கிருந்து வாசலுக்கும் பழைய கோணிச்சாக்கையோ ரப்பர் மேட்டையோ வழியாக விரித்துவிட்டால் ஒரே நாளில் நடக்கும். நகத்தின் நுனியை வெட்டி, உள்ளங்கால் விரல்களுக்கு நடுவே வளர்ந்த முடியையும் கத்தரித்துவிட்டால் வழுக்கல் பாதி குறையும். மிக்சி, குக்கர் விசில், லிஃப்ட், மாடிப்படி, கண்ணாடி எல்லாமே அதற்குப் புதிதுதான். குக்கர் விசில் வரும் நேரத்தில் ஒரு துண்டு கோழி போடுங்கள். பத்து நாளில் விசில் கேட்டால் சமையலறைப் பக்கம் வந்து நிற்கும்.

சோறு

காப்பகத்தில் என்ன கொடுத்தார்களோ அதையே முதல் மூன்று நாள் கொடுங்கள். பிறகு கால்பங்கு, அரைப்பங்கு, முக்கால்பங்கு என்று ஏழெட்டு நாளில் மாற்றுங்கள். வந்த அன்றே மட்டன், பால், பிஸ்கட் என்று பாசத்தைக் கொட்டினால் அடுத்த நாள் பேதி. வளர்ந்த நாய்கள் பலவற்றுக்குப் பாலின் சர்க்கரை செரிக்காது. முதல் நாள் சாப்பிடவில்லையென்றாலும் பயப்பட வேண்டாம், ஆனால் தண்ணீரும் குடிக்காமல் ஒரு நாள் கடந்தால் மருத்துவரிடம் போங்கள். குட்டி என்றால் அவ்வளவு நேரம்கூடக் காத்திருக்காதீர்கள்.

தயிர்சாதம் மட்டும் போட்டு வளர்ப்பது நம் வீடுகளில் வழக்கம். வயிறு நிறையும், தசை வளராது. 15 கிலோ எடையுள்ள, கருத்தடையான, வளர்ந்த நாட்டு நாய்க்கு ஒரு நாளுக்கு ஏறத்தாழ 800 முதல் 850 கலோரி தேவை. வீட்டுச் சமையலில் அதைக் கணக்கிட்டால் வெந்த சாதம் 250 கிராம், எலும்பில்லாமல் வேகவைத்த கோழிக்கறி 200 கிராம், முட்டை ஒன்று, பூசணி அல்லது கேரட் ஒரு கைப்பிடி, ஈரல் 30 கிராம். ஈரலை இதற்கு மேல் கூட்ட வேண்டாம், வைட்டமின் ஏ அளவுக்கு மீறிப் போகும். இதை இரண்டு வேளையாகப் பிரியுங்கள். உப்பு, மிளகாய், எண்ணெய் வேண்டாம். இதில் சுண்ணாம்புச் சத்து மட்டும் ரொம்பக் குறைவு. முட்டை ஓட்டைக் கழுவி, வறுத்து, மாவாக அரைத்து அரைத் தேக்கரண்டி கலந்தால் ஏறத்தாழ 1 கிராம் கால்சியம் கிடைக்கும். வளரும் குட்டிக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அதற்குக் குட்டிகளுக்கென்று விற்கும் உணவோ மருத்துவர் சொல்லும் அளவோதான் சரி. பால்சோறு மட்டும் தின்று முன்னங்கால் வளைந்த குட்டிகள் இந்த ஊரில் ஏராளம்.

மீந்த பிரியாணியும் சாம்பார் சாதமும் கொடுக்காதீர்கள். வெங்காயமும் பூண்டும் நாயின் சிவப்பணுவை உடைக்கும். திராட்சை, உலர்திராட்சை, சாக்லேட், சர்க்கரைக்குப் பதில் சைலிட்டால் சேர்த்த பொருள் நான்கும் விஷம். வெந்த கோழி எலும்பு ஊசியாக உடைந்து குடலைக் குத்தும். விலா எலும்பு தெரிய வந்த நாயை ஒரே மாதத்தில் கொழுக்க வைக்கவும் அவசரப்பட வேண்டாம். இரண்டு மூன்று மாதத்தில், விலாவைத் தடவினால் கைக்குத் தட்டுப்படும், கண்ணுக்குத் துருத்தித் தெரியாது என்ற அளவுக்கு வந்தால் போதும்.

ஒண்ணுக்கு, தனிமை, குரைப்பு

தெருவில் வளர்ந்த நாய் தானாகவே மண்ணைத் தேடும், அதைப் பழக்குவது சுலபம். வருடக்கணக்கில் சிமென்டுக் கூண்டில் இருந்த நாய்க்குக் கெட்டியான தரைதான் கழிப்பறை, உங்கள் ஹாலும் அதற்கு அப்படித்தான் தெரியும். இரண்டுக்கும் மருந்து நேரக்கணக்குதான். தூங்கி எழுந்ததும், சாப்பிட்ட 15–20 நிமிடத்தில், விளையாடியதும், இரவு படுக்கப் போகும் முன். ஒரே இடம், ஒரே வழி. முடித்த அந்த நொடியில் வாயில் ஒரு துண்டு கோழி. வீட்டுக்குள் வந்து கொடுத்தால் வீட்டுக்குள் வந்ததற்குக் கொடுத்ததாகத்தான் அது எடுத்துக்கொள்ளும். உள்ளே போய்விட்டால் மூக்கைப் பிடித்துத் தேய்ப்பதும் அடிப்பதும் ஒரே ஒரு பாடத்தைத்தான் சொல்லித்தரும்: உங்கள் கண்முன் போகக் கூடாது. அப்புறம் சோபாவுக்குப் பின்னால் போகும், வெளியே கயிற்றில் நீங்கள் நிற்கும்போது போகவே போகாது. அந்த இடத்தைப் பேப்பரால் ஒற்றி எடுத்துவிட்டு, வினிகரும் தண்ணீரும் சம அளவு கலந்து துடையுங்கள். மார்பிள் தரைக்கு வினிகர் ஆகாது, அதற்கு நொதி கலந்த கிளீனர் வாங்குங்கள். ஃபினாயிலைத் தவிருங்கள். நக்கினால் கெடுதல். அதோடு பார்வோ கிருமியையும் அது கொல்லாது. வீட்டில் முன்பு பார்வோவில் ஒரு குட்டி இறந்திருந்தால் ஒரு பங்கு ப்ளீச்சை முப்பது பங்கு தண்ணீரில் கலந்து தரையை நனைத்து, பத்து நிமிடம் ஊறவிட்டுக் கழுவுங்கள். மண்ணில் அந்தக் கிருமி ஒரு வருடம்வரைகூட உயிரோடு இருக்கும். அதனால் தடுப்பூசி முடியாத குட்டியை அந்த வீட்டுக்குக் கொண்டுவரவே கூடாது.

தனியே விட்டால் ஊளையிடுவதை நாமேதான் வரவழைக்கிறோம். ஒரு வாரம் லீவு போட்டு, இருபத்துநாலு மணிநேரமும் பக்கத்திலேயே இருந்து, எட்டாம் நாள் காலை ஒன்பதரைக்குக் கதவைப் பூட்டிவிட்டுக் கிளம்பினால் எந்த நாயும் பதறும். இரண்டாம் நாளிலிருந்தே பழக்குங்கள். கதவுக்கு வெளியே அரை நிமிடம். உள்ளே வந்து கண்டுகொள்ளாமல் இருங்கள். பிறகு இரண்டு நிமிடம், ஐந்து, பத்து. பெரும்பாலான பதற்றம் முதல் அரைமணிக்குள் வெடித்துவிடும், அரைமணியை அமைதியாகக் கடந்த நாயை மெல்ல மெல்ல இரண்டு மூன்று மணிக்கு நீட்டலாம். பழைய செல்போனில் கேமராவை ஓடவிட்டுப் போங்கள். எத்தனையாவது நிமிடத்தில் எழுந்து நடக்க ஆரம்பிக்கிறது, எப்போது கதவைச் சுரண்டுகிறது என்று பார்த்து, அதற்கு ஒரு நிமிடம் முன்னால் திரும்பும்படி நேரத்தை வையுங்கள். சாவி எடுப்பதும் செருப்புப் போடுவதுமே பயத்தைக் கிளப்பினால், சும்மா இருக்கும்போது சாவியை எடுத்துக்கொண்டு டிவி முன் உட்காருங்கள்.

உறுமலைத் தண்டிக்காதீர்கள். இந்த ஒன்றை வீட்டிலுள்ள எல்லோரும் கேட்டே ஆக வேண்டும். உறுமல் என்பது கடிக்காமல் இருப்பதற்காக நாய் கொடுக்கும் அறிவிப்பு. உறுமியதற்கு அடித்தால் அடுத்த முறை அறிவிக்காமல் கடிக்கும். எதற்கு உறுமியது என்று பார்த்து அந்த நிலைமையை மாற்றுங்கள். தட்டருகே என்றால் தனியறையில் சோறு. தூக்கத்தில் என்றால் யாரும் தொட்டு எழுப்பாமல் தூரத்திலிருந்து பெயர் சொல்லி அழைப்பது. குழந்தை கட்டிப்பிடித்ததற்கு என்றால் குழந்தைக்குத்தான் பாடம். ஆறு வயதுக்குட்பட்ட குழந்தையையும் புது நாயையும் ஒரே அறையில் விட்டுவிட்டு ஐந்து நிமிடம்கூடப் போகாதீர்கள். உறுமலுக்கு முன்பே சின்னச் சின்ன அறிகுறிகள் வரும். தலையைத் திருப்பும், தூக்கம் வராமல் கொட்டாவி விடும், எதுவும் தின்னாமலே உதட்டை நக்கும். அப்போதே விலகிவிட்டால் உறுமல்வரை போகாது. ஏற்கெனவே வீட்டில் நாய் இருந்தால் இரண்டையும் வீட்டுக்கு வெளியே, யாருக்கும் சொந்தமில்லாத தெருவில், பத்துப் பதினைந்தடி இடைவெளியில் ஒரே திசையில் நடத்துங்கள். மூக்கும் மூக்குமாகக் கொண்டுபோய் நிறுத்தாதீர்கள். இரண்டு வாரம் தட்டும் படுக்கையும் தனித்தனி.

நடை காலை ஏழுக்கு முன், மாலை வெயில் தாழ்ந்தபின். புறங்கையைத் தார்ச்சாலையில் ஏழு நொடி வைக்க முடியாவிட்டால் அதன் உள்ளங்காலும் தாங்காது.

உண்ணி

இதற்குத் தனி இடம் கொடுக்க வேண்டும், நம் ஊரில் தத்தெடுப்பைத் தோற்கடிப்பதில் இதற்குப் பெரிய பங்கு. நம்மிடம் இருக்கும் பழுப்பு நாயுண்ணி வீட்டுக்குள்ளேயே வாழத் தெரிந்தது. ரத்தம் குடித்து உப்பிய பெண் உண்ணி நாயிலிருந்து விழுந்து, சுவரில் ஏறி, ஜன்னல் சட்டத்தின் விரிசலிலும் கதவிடுக்கிலும் ஆயிரக்கணக்கில் முட்டையிடும். அதனால் நாய்மேல் இருப்பதைப் பொறுக்கிப் போட்டால் மட்டும் தீராது. மருத்துவர் எடை பார்த்துத் தரும் மாத்திரை (ஒரு மாதம் காப்பதும் உண்டு, பன்னிரண்டு வாரம் காப்பதும் உண்டு) குறைந்தது மூன்று மாதத்துக்கு இடைவெளியில்லாமல் தொடர வேண்டும். வலிப்பு வந்த நாய், டிஸ்டெம்பரிலிருந்து பிழைத்த நாய் என்றால் அதைக் கட்டாயம் மருத்துவரிடம் சொல்லுங்கள். இந்த மாத்திரைகள் வலிப்பைத் தூண்டக்கூடும். கழுத்தில் விடும் சொட்டு மருந்து என்றால் முன்னும் பின்னும் இரண்டு நாள் குளியல் கிடையாது, மயிரை விலக்கித் தோலில் விட வேண்டும், மயிர்மேல் விட்டால் பயனில்லை. மாட்டுக்கு அடிக்கும் டெல்டாமெத்ரினை நீங்களாகக் கலந்து தடவாதீர்கள். நாய் நக்கினால் நடுங்கும், வீட்டில் பூனை இருந்தால் உயிருக்கே ஆபத்து.

தினமும் ஒருமுறை கையால் தேடுங்கள். காது மடலின் உட்புற மடிப்பு, கால்விரல் இடுக்கு, பெல்ட்டுக்குக் கீழே, அக்குள், வாலடி. தோலோடு ஒட்டி, சிறிய முனை கொண்ட இடுக்கியால் பிடித்து நேராக, மெதுவாக இழுங்கள். மண்ணெண்ணெய், நெருப்பு, நெயில் பாலிஷ் வேண்டாம். நகத்தால் நசுக்கவும் வேண்டாம், சோப்புத் தண்ணீர் டப்பாவில் போட்டு மூடுங்கள்.

ஊசியும் உரிமமும்

பழைய சான்று இல்லாத வளர்ந்த நாய்க்கு வெறிநோய் ஊசி, டிஸ்டெம்பர்–பார்வோ–எலிக்காய்ச்சல் அடங்கிய கூட்டு ஊசி, மூன்று நான்கு வாரம் கழித்து கூட்டு ஊசி மறுபடி. பிறகு ஆண்டுதோறும் மருத்துவர் சொல்லும் தேதியில். எலிக்காய்ச்சல் ஊசி ஐப்பசி மழைக்கு முன்பே முடிந்திருந்தால் நல்லது, தேங்கும் மழைநீரில் எலியின் சிறுநீர் கலந்திருக்கும். காய்ச்சலோ பேதியோ இருக்கும் நாய்க்கு அது தெளிந்தபின்தான் ஊசி. குட்டிக்குக் கூட்டு ஊசி ஆறு எட்டு வாரத்தில் தொடங்கி, பதினாறு வாரம்வரை இடைவெளி விட்டுத் தொடரும், வெறிநோய் ஊசி மூன்று மாதத்தில்.

பழகும் நாட்களில் பல்லோ நகமோ உங்கள்மேல் பட்டு ரத்தம் வந்தால், ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றே ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ அரசு மருத்துவமனைக்கோ போங்கள். ஊசி இலவசம்: போன அன்று, பிறகு 3, 7, 28-ஆம் நாள். "நம்ம நாய்தானே" என்று விடாதீர்கள். மஞ்சளும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டாதீர்கள்.

சென்னை மாநகராட்சி எல்லைக்குள் நாய் வளர்க்க உரிமம் கட்டாயம். அதற்கு வெறிநோய்த் தடுப்பூசிச் சான்று வேண்டும், 2025 முதல் மைக்ரோசிப்பும் கேட்கிறார்கள். அரிசி மணியளவு சில்லு, தோளெலும்புகளுக்கு நடுவே ஊசியாலேயே போட்டுவிடுவார்கள். அதன் 15 இலக்க எண் காப்பகத்தின் பெயரில் இருந்தால் உங்கள் பெயருக்கும் எண்ணுக்கும் மாற்றிக்கொள்ளுங்கள். மாற்றாவிட்டால் தொலைந்த நாய் கிடைத்தும் உங்களிடம் வராது. அடுக்குமாடிச் சங்கம் நாய் வேண்டாமென்று தீர்மானம் போட்டால், பெரும்பான்மை இருந்தாலும் அப்படித் தடைசெய்ய முடியாது என்று விலங்குகள் நல வாரியம் 2015 பிப்ரவரியிலேயே சுற்றறிக்கை விட்டிருக்கிறது. அச்சடித்துக் கையில் வையுங்கள். வாடகை வீடு என்றால் வீட்டுக்காரரின் சம்மதத்தை ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குங்கள், வாய்ச்சொல் போதாது.

இத்தனையும் செய்தும் ஒத்துவரவில்லை என்றால், எடுத்த காப்பகத்திடமே முதலில் பேசுங்கள். வேறு வீடு தேட அவர்களால் முடியும், புதுவீடு கிடைக்கும்வரை நாயை நீங்களே வைத்துக்கொண்டால் இன்னும் நல்லது. குரைக்கும் நேரம், சாப்பாடு, எதற்குப் பயம், எந்த மருந்து என்று ஒரு பக்கம் எழுதிக் கொடுங்கள். தெருவில் மட்டும் விட்டுவிடாதீர்கள். தெருநாயைத் தத்தெடுக்க உள்ளாட்சியிடம் விண்ணப்பிக்கலாம் என்று 2025 ஆகஸ்ட் 22-இல் சொன்ன உச்ச நீதிமன்றம், எடுத்த நாய் மறுபடி தெருவுக்கு வராமல் பார்த்துக்கொள்வது எடுத்தவர் பொறுப்பு என்றும் சேர்த்தே சொன்னது. வளர்ப்பு விலங்கைக் கைவிடுவது 1960-ஆம் ஆண்டின் வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். "தெருவிலிருந்து வந்ததுதானே, பிழைச்சுக்கும்" என்பார்கள். பிழைக்காது. ஒவ்வொரு தெருவுக்கும் ஏற்கெனவே ஒரு நாய்க்கூட்டம் காவல் இருக்கிறது, புதிதாக வரும் நாயை அது முதல் இரவே கடித்து விரட்டும், விரட்டப்பட்டது வழி தெரியாமல் வண்டிகளுக்கு நடுவே ஓடும். காப்பகத்தில் இடமில்லை என்று சொன்னால், பட்டியலில் பெயரைப் பதிந்துவிட்டு, இடம் கிடைக்கும்வரை நாய் உங்கள் வீட்டிலேயே இருக்கட்டும்.